பாதைக்குக் கீழே ஒரு பாதை



பாதை என்றால் மனிதர் நடப்பதற்கும் வாகனம் ஓடுவதற்கும் உரியது என்றே நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பாதைக்குக் கீழேயும் ஒரு பாதை உண்டு என்பதை எனக்குப் படிப்பித்தவர் என் ராத்தா. அந்தப் பாடத்தை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அதற்கான விலையைக் கொடுத்தவர் நானல்ல, அவர்தான்.

எங்கள் ஊர் கேகாலை மாவட்டத்தில் ஒரு மலையடிவாரக் கிராமம். இறப்பர்த் தோட்டத்துக்கு மேலிருந்து ஓர் ஓடை இறங்கி, ஊரை இரண்டாகப் பிரித்து, வயலுக்குப் போகிறது. அந்த ஓடையைப் பாதை இரண்டு இடங்களில் கடக்கிறது. மேலே மத்ரஸாப் பாதை, கீழே பள்ளிவாசல் பாதை. இரண்டிலும் வாப்பாவின் வாப்பா காலத்துக் கருங்கல் மதகுகள் இருந்தன.

2014ஆம் ஆண்டு மேல் மதகு உட்கார்ந்துவிட்டது. அப்போது நான் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். பிள்ளைகள் ஓதப் போக வழியில்லை என்று கந்தோர் கந்தோராக அலைந்தேன். ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். இரண்டடி விட்டமுள்ள ஹியூம் பைப்பை இறக்கி, ஓடையின் குறுக்கே வைத்து, மண்ணை மூடிவிட்டு மூன்றே நாளில் போய்விட்டார். அந்த வாரம் ஜும்ஆவுக்குப் பின் நான் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று அறபுக் கல்லூரியில் படித்ததை நினைவூட்டினேன். எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது.

ராத்தாவின் வீடு அந்த மதகுக்குச் சற்று மேலே, ஓடைக்கரையில் இருக்கிறது. மச்சான் மௌத்தான பிறகு தையல் மெஷினை நம்பி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். புது மதகைப் பார்த்துவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, பைப் ஓடைய விட ஒசரமா இரிக்கே. மீனெல்லாம் எப்பிடி மேல ஏறும்?”

நான் சிரித்தேன். “ராத்தா, நாங்க மனுசருக்குத்தான் பாத போடுறோம், மீனுக்கில்ல” என்றேன்.

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

2016 மே மாதத்து மழை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடிய அதே வாரம். எங்கள் ஓடையில் இறப்பர்க் கிளைகளும் வாழைமரங்களும் பொலித்தீன் பைகளும் உருண்டு வந்து அந்த பைப்பின் வாயை அடைத்தன. போக இடமில்லாத தண்ணீர் பின்னோக்கி எழும்பி, இரவு இரண்டு மணியளவில் ராத்தாவின் குசினிக்குள் புகுந்தது. பிள்ளைகளை அவர் காப்பாற்றிக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். அரிசி போயிற்று. தைத்துக் கொடுக்க வைத்திருந்த துணிகள் சேற்றில் ஊறின. மெஷினின் மோட்டார் பழுதானது. விடிந்ததும் நான் ஓடிப்போனேன். குசினிச் சுவரில் தண்ணீர் ஏறிய உயரத்தில் அவர் அடுப்புக்கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். என்னை அவர் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

பாதையில் கிடந்த தொல்லையை எடுத்து நான் என் சொந்த ராத்தாவின் குசினிக்குள் போட்டிருந்தேன்.

அதன் பின்னர்தான் அந்த மதகுக்குக் கீழே இறங்கிப் பார்த்தேன். ஓடை அகலமானது, பைப் ஒடுங்கியது. ஒடுங்கிய வழியால் போகும் தண்ணீர் வேகம் பிடித்து மறுபக்கத்தில் விழுகிறது. விழுந்து விழுந்து அந்த இடத்தில் ஒரு குழி தோண்டிவிட்டது. இரண்டே வருடத்தில் பைப்பின் வாய் முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் தொங்கியது. குழியில் சின்ன மீன்கள் கூட்டமாக நின்றன. ஒன்றிரண்டு துள்ளிப் பார்த்தன. பைப்பின் விளிம்பில் பட்டு விழுந்தன. மதகுக்கு மேலே ஓடையில் ஒரு மீனும் இல்லை. ராத்தா கேட்ட கேள்விக்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு விடை கண்டேன்.

மீன் ஏறாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கலாம். நானே கேட்டவன்தானே. சின்ன மீன் ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. மழைக்கு மேலேறி முட்டையிடும். கோடையில் ஆழமான இடம் தேடி இறங்கும். விலாங்கோ கடலில் பிறந்து, ஆறு வழியாக ஓடைகளில் ஏறி வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிறது. வழியில் ஒரு மதகு தொங்கினால் அதன் பயணம் அங்கே முடிந்துவிடுகிறது. நம் நாட்டின் நன்னீர் மீனினங்களில் பாதிக்கு மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. எங்கள் கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடப் பகுதியில் ‘பண்டுல பெத்தியா’ என்று ஒரு மீன் இருக்கிறது. பெருவிரல் நீளமே வரும். 1991இல்தான் விஞ்ஞானிகள் அதைத் தனி இனமாக எழுதி வைத்தார்கள். இயற்கையாக அது வாழ்வதாக அறியப்பட்டது வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் இடையில் ஓடும் ஒரே ஒரு சிற்றோடையிலும் அதன் கிளைகளிலும்தான். அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. அப்படிப்பட்ட ஓடையில் தவறாக வைக்கும் ஒரு மதகு ஓர் இனத்தின் வீட்டையே இரண்டாக வெட்டிவிடும்.

தூர நாட்டிலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பூர்வகுடிகள் 1850களில் தம் நிலத்தை ஒப்பந்தத்தின் பேரில் விட்டுக்கொடுத்தார்கள். மீன்பிடிக்கும் உரிமை தமக்குத் தொடர்ந்தும் இருக்கும் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. பின்னாளில் மாநிலம் போட்ட வீதிகளின் மதகுகள் சால்மன் மீன்களின் வழியை அடைத்தன. மீன் வராத ஆற்றில் மீன்பிடி உரிமையால் என்ன பயன்? 2001இல் அவர்கள் வழக்குக்குப் போனார்கள். அடைக்கும் மதகுகளை மாற்றும்படி 2013இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2018இல் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர்கள் நான்குக்கு நான்கு எனப் பிரிந்ததால் அந்தக் கட்டளை நிலைத்தது. இப்போது பெரும் செலவில் நூற்றுக்கணக்கான மதகுகளைத் தோண்டி மாற்றுகிறார்கள். முதலிலேயே சரியாகப் போட்டிருந்தால் அந்தச் செலவு இல்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே உலுக்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எத்தனையோ பாலங்களும் மதகுகளும் உடைந்தன. எங்கள் கீழ் மதகும் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. பிள்ளைகள் இரண்டு கமுக மரங்களின் மேல் நடந்து பாடசாலை போனார்கள். ரமழான் நெருங்கிக்கொண்டிருந்தது. தராவீஹுக்கு வயதானவர்கள் எப்படி வருவார்கள்? ஜனவரி தொடக்கத்தில் பாதையோரம் மறுபடியும் ஹியூம் பைப்புகள் வந்து இறங்கின.

பள்ளிவாசல் விறாந்தையில் கூட்டம் நடந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்திருந்தார். “பைப் வெச்சா ஒரு கெழமையில முடிஞ்சிரும் மௌலவி” என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் நியாயமே. முதல் நாள்தான் ஒரு பிள்ளை கமுக மரத்தில் வழுக்கிக் கையை முறித்திருந்தது. அந்த உம்மா வாசலில் நின்று என்னைப் பார்த்தார். “மீனா, எங்கட புள்ளையா?” என்று அவர் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

நான் எழுந்து 2014இல் நான் செய்ததைச் சொன்னேன். பிறகு உத்தியோகத்தரை ராத்தாவின் வீட்டுக்கு அழைத்துப் போனேன். குசினிச் சுவரில் இப்போது இரண்டு கோடுகள். ஒன்று 2016, அதற்கு ஒரு சாண் மேலே 2025. ராத்தா திரைக்கு அப்பால் நின்று, தண்ணீர் எத்தனை மணிக்கு ஏறியது, எத்தனை மணிக்கு வடிந்தது, எந்தப் பக்கமாக வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உத்தியோகத்தர் நாடாவை எடுத்து அளந்து எழுதிக்கொண்டார். “சேர், ஓடையின் அகலத்துக்கு மதகைப் போட முடியாதா?” என்று கேட்டேன். “முடியும். பெட்டி மதகு. செலவும் கூட, நாளும் கூட” என்றார். மறுகிழமை அனுமதி வந்தது.

அந்த நாட்களுக்காக ஊர் இளைஞர்கள் கைபிடி வைத்து ஒரு நடைபாலம் கட்டினார்கள். கையை முறித்த பிள்ளையின் வாப்பாதான் பலகை கொடுத்தார். பிள்ளைக்கும் மீனுக்கும் சண்டை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சண்டை நம் அவசரத்தோடுதான்.

வேலை மழை குறைந்த நாட்களில் நடந்தது. மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை ஒரு பக்கமாகத் திருப்பினார்கள். வற்றிய குட்டைகளில் துடித்த மீன்களை மத்ரஸாப் பிள்ளைகள் பழைய நுளம்பு வலையால் அள்ளி வாளியில் கொண்டுபோய் விட்டார்கள். சீமெந்துத் தண்ணீர் மீனின் செவுளை எரித்துக் கொன்றுவிடும் என்பதால், கொங்கிரீட் தட்டுகளைக் கழுவிய தண்ணீரை ஓடையில் ஊற்றவிடவில்லை. மதகின் அடித்தளத்தை ஓடையின் மட்டத்துக்குக் கீழே இறக்கி, அதன்மேல் ஓடைக் கற்களையும் மணலையும் பரப்பினார்கள். உள்ளே நின்று பார்த்தால் கொங்கிரீட் தெரியாது, ஓடைதான் தெரியும். ரமழானுக்கு நான்கு நாள் முன்னர் பாதை திறந்தது.

நோன்பு மாதத்தில் ஒரு நாள் நல்ல மழை பெய்தது. அஸருக்குப் பின் ராத்தாவும் நானும் மதகடியில் நின்று பார்த்தோம். சின்ன மீன்கள் கற்களின் ஓரமாக ஒவ்வொன்றாக ஏறிப் போயின. அவருக்குச் சந்தோசம். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “இங்கால ஏறினாலும் மேல அந்த பைப்புக்குள்ள ஏறேலாதே, தம்பி.”

நான் போட வைத்த பைப் இன்னும் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறது. அதை மாற்றக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். மாற்றும் வரை அது என் கடன்.

சகோதரிகளே, மதகு ஆண்களின் விசயம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். வெள்ளம் முதலில் வருவது உங்கள் குசினிக்குத்தான். தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் குறித்து, திகதியையும் எழுதி வையுங்கள். மதகு போட வந்தால், ஓடையளவு அகலமா, அடி ஓடை மட்டத்துக்குக் கீழா, வேலை நடக்கையில் தண்ணீர் எங்கே திரும்பும் என்று வீட்டு ஆண்களைக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தையின் பம்பர்ஸையும் பொலித்தீன் பையையும் ஓடையில் எறியாதீர்கள். அவை போய் அடைப்பது இன்னொரு சகோதரியின் வீட்டு மதகை.

இப்படி ஒரு கேள்வியை உங்களில் யாரேனும் கேட்கும்போது, என்னைப் போல் சிரிக்காத ஒரு தம்பி உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று துஆச் செய்கிறேன்.