இனிமே நீதான்டா...

பழவேற்காட்டுக்கு மாசம் ஒரு தடவையாவது போயிடுவேன். டச்சுக் கல்லறை, பூநாரை எல்லாம் வீட்டுல சொல்ற சாக்கு. நிஜக் காரணம் இறால். பத்து வருஷமா ஒரே அக்காகிட்டதான் வாங்குறேன்.

2025 பொங்கல் கழிச்சுப் போனப்ப அக்காவைக் காணோம். வீட்டுக்காரர் நெஞ்சு வலியில தவறிப் பதினெட்டு நாள் ஆச்சுன்னு பக்கத்துல மீன் விக்கிறவங்க சொன்னாங்க. வீட்டைக் கேட்டுப் போனேன்.

திண்ணையில பெரிய பையன். பொன்னேரியில பி.காம் ரெண்டாம் வருஷம்.

"காலேஜ் போகலையா தம்பி?"

"இல்லண்ணா. மாமா ஏரிக்கு வரச் சொல்றாரு."

இந்த ஏரியில 'பாடு'ன்னு ஒரு ஏற்பாடு உண்டு. மீன்பிடிக்கிற இடங்களை ஊர்க்காரங்க முறை வெச்சுப் பங்கு போட்டுக்குவாங்க. நல்ல இடம் ஒருத்தருக்கே போயிடாது. ரொம்ப நியாயமான விஷயம்தான். ஆனா அப்பா போன வீட்டுல, முறை வர்ற அன்னிக்கு யாராவது இறங்கியாகணுமே.

நானும் எல்லாரும் சொல்றதையே சொன்னேன். "இனிமே நீதான்டா குடும்பத்தைப் பாத்துக்கணும். அப்பா ஆசைப்பட்ட மாதிரி படிச்சு முடிக்கணும்." ரெண்டையும் ஒரே மூச்சுல! அவன் ஒண்ணும் பேசலை. கையில ஆயிரம் ரூபாயைத் திணிச்சுட்டு பஸ் ஏறிட்டேன்.

வழியெல்லாம் உறுத்தல். எங்கப்பா போனப்ப எனக்கும் பத்தொன்பது வயசு. இதே வசனத்தை ஊரே சொல்லுச்சு. புத்தகத்தைத் திறந்தா எதுவும் மண்டையில ஏறலை. அது துக்கம்னு யாரும் சொல்லலை. எனக்குப் படிப்பு வராதுன்னு நினைச்சு நின்னுட்டேன். ஆறு வருஷம் கழிச்சு அஞ்சல் வழியிலதான் முடிச்சேன்.

அடுத்த வாரமே திரும்பப் போனேன். இந்தத் தடவை அறிவுரை இல்லை. கரையில உக்காந்தோம். ஒரு மணி நேரம் அப்பாவைப் பத்தியே பேசினான். கடைசியிலதான் விஷயம் வெளிய வந்துச்சு.

"ஒரே பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேண்ணா. நிக்கவே மாட்டேங்குது."

"எனக்கும் அப்படித்தான்டா இருந்துச்சு. கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்."

நிமிர்ந்து பார்த்தான்.

அப்புறம்தான் மத்த வேலை. வருகைப்பதிவு 75 சதவீதம் வேணும். கொஞ்சம் குறைஞ்சா கட்டணம் கட்டிப் பரீட்சை எழுதலாம். துறைத் தலைவரைப் பார்த்து, இறப்புச் சான்றிதழ் நகலோட கடிதம் கொடுத்தோம். அஞ்சு லட்சம் வரும்னு யாரோ அக்காகிட்ட சொல்லியிருந்தாங்க. அது மீனவர் விபத்துக் காப்பீடு, நெஞ்சு வலிக்கு வராதுன்னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். அரசுப் பள்ளியில படிச்ச பையன். அதனால 2024 ஆகஸ்டில் தொடங்கின தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் வந்துட்டிருந்தது. காலேஜை விட்டா அதுவும் நிக்கும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டினதும்தான் மாமா இறங்கி வந்தார்.

"சரி, பாடு நாள்ல மட்டும் வரட்டும். மத்த நாள் படிக்கப் போகட்டும்."

ஏப்ரல்ல எழுதினான். ரெண்டு பேப்பர் அரியர். போன்ல அழுதான். "நவம்பர்ல எழுதிக்கலாம்டா. காலேஜ் எங்கயும் ஓடிப் போயிடாது"ன்னேன். எழுதினான், பாஸ் பண்ணிட்டான்.

உங்க தெருவுலயும் இப்படி ஒரு பையனோ பொண்ணோ இருக்கலாம். 'இனிமே நீதான்'னு மட்டும் சொல்லிடாதீங்க. அவங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். "காலேஜ்ல யாரைப் பாக்கணும்? நான் கூட வரேன்"னு சொல்லுங்க.

அக்கா மறுபடியும் கூடையோட உக்கார்றாங்க. இறாலுக்குக் காசு வாங்க மாட்டேங்குறாங்க. இப்ப எங்களுக்குள்ள அதுதான் சண்டை.