பள்ளக்காட்டு யானைகளும் நம் வீட்டுப் பைகளும்

கொழும்பிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 210 கிலோமீற்றர் தொலைவில், அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது பள்ளக்காடு. பெயரில் காடு உண்டு. ஆனால் அவ்வூரை உலகம் அறிந்துகொண்டது அங்குள்ள குப்பைமேட்டினால்தான். 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட அந்த இடத்தில் சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் கழிவுகள் வந்து குவிந்தன. யானைகள் நுழையாதிருக்கப் போட்ட மின்வேலியை 2014இல் மின்னல் தாக்கியது. அதன் பின்னர் வேலி திருத்தப்படவில்லை.

யானைகள் உள்ளே வந்தன. அவற்றை இழுத்தது உணவின் மணம். மீந்த சோற்றையும் கறியையும் நாம் ஷொப்பிங் பேக்கில் போட்டு, முடிந்து எறிந்து விடுகிறோம். யானை பையோடு சேர்த்தே விழுங்குகிறது. பொலித்தீன் செரிப்பதில்லை, குடலை அடைக்கிறது. தீனியும் நீரும் இறங்காமல் அந்தப் பெரிய உடல் சாய்ந்து விடுகிறது. 2022 ஜனவரி வரையான எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இவ்வாறு மடிந்தன.

பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அப்படியானால், தொல்லையைக் கொண்டுபோய்ப் போடுவது எதன் கிளை?

சகோதரிகளே, இதற்கான பரிகாரம் நம் குசினியிலேயே இருக்கிறது. மீந்த உணவைப் பையில் கட்டாதீர்கள். கோழிக்குக் கொடுங்கள், அல்லது வாழையடியில் புதையுங்கள். பொலித்தீனைக் கழுவி வேறாக வையுங்கள். சந்தைக்குப் போகும்போது பன்பையை எடுத்துச் செல்லுங்கள். பிள்ளைகளும் பார்த்துப் பழகட்டும்.

வாய் பேசாத ஜீவன்களைப் பற்றியும் நாம் விசாரிக்கப்படுவோம். நம் கைகளால் அவற்றுக்குத் தீங்கு நேராமல் அல்லாஹ் காப்பானாக!