சிமிலிபால் வனமும் பரேஹிபாணி அருவியும்

ஜாம்ஷெட்பூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு மயூர்பஞ்சு என்னும் பெயர் புதியதன்று. 1904-ஆம் ஆண்டில் பிரமதநாத் போஸ் என்ற நிலநூல் அறிஞர், அந்தச் சமஸ்தானத்து மலைகளில் இரும்புக் கனி செறிந்து கிடப்பதை ஜாம்செட்ஜி டாட்டாவுக்குக் கடிதம் வாயிலாக அறிவித்தார். குருமஹிஷாணி மலையின் அக்கனியை நம்பியே நம் நகரின் உலைகள் எழுந்தன. நம் முன்னோர் மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே இரயில் ஏறியதற்கும் மூலகாரணம் அதுவே எனலாம். ஆயினும், அதே மயூர்பஞ்சில் 2,750 சதுர கிலோமீட்டர் பரப்பில் புலிகளும் யானைகளும் வாழும் பெருங்காடு ஒன்று இருப்பதை அறிந்தும், சென்று காணாதவர் நம்மிற் பலர். அந்தக் குறை நீங்கச் சென்ற கார்த்திகை மாதத்தில் நாங்கள் எழுவர், எழுபத்தெட்டு வயதுப் பாட்டி முதல் ஆறு வயதுப் பேத்தி வரை, சிமிலிபாலுக்குப் புறப்பட்டோம்.

இராய்ரங்பூர் வழியாகச் சென்றால் மாலைக்குள் ஜஷிபூரை அடைந்துவிடலாம். இராய்ரங்பூர், 2022-இல் குடியரசுத் தலைவரான திரௌபதி முர்மு அவர்களின் ஊர்ப்பக்கம். வழியில் ஒரு சந்தையில் வண்டியை நிறுத்தினோம். சால மரத்து இலைகளை ஈர்க்கினால் தைத்த தட்டுகளை அடுக்கி வைத்துப் பெண்கள் விற்றுக்கொண்டிருந்தனர். "இது நம் ஊர்த் தையல் இலை அல்லவா!" என்று பாட்டி மகிழ்ந்து இரண்டு கட்டு வாங்கிக்கொண்டார். அருகில் ஒரு மூதாட்டி விற்றது செம்முசுறு எறும்புகளை! அவற்றை இஞ்சி, பூண்டு, மிளகாயுடன் அரைத்துச் செய்யும் துவையலுக்கு 2024-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குழந்தைகள் முகம் சுளித்தார்கள். ஆனால், உண்டு பார்த்த எங்கள் மூத்த பையன், "புளிக்காமல் புளிக்கிறது" என்று தீர்ப்பளித்தான்.

ஜஷிபூரில் இரவு தங்கினோம். இவ்வூர் பெற்ற புகழுக்கு ஒரு பெண் புலி காரணம். 1974-இல் கைரி ஆற்றங்கரையில் கரியா மக்கள் கண்டெடுத்த புலிக்குட்டி ஒன்றை, சிமிலிபால் புலிகள் காப்பகத்தின் முதல் இயக்குநரான சரோஜ்ராஜ் சௌத்ரி தம் இல்லத்தில் வளர்த்தார். ஆற்றின் பெயரையே அதற்கு இட்டு 'கைரி' என்று அழைத்தார். கூண்டும் சங்கிலியும் இன்றி வீட்டுப்பிள்ளை போல் வளர்ந்த அப்புலி 1981-இல் இறந்தது. இந்தக் கதையைக் கேட்ட பிறகு எங்கள் பேத்திக்கு உறக்கம் வரவில்லை. புலி வந்து கதவைத் தட்டினால் யார் திறப்பது என்பதே அவள் கவலை.

மறுநாள் விடியலில் வாயிலில் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் பெற்று உள்ளே நுழைந்தோம். இருமருங்கும் ஓங்கி நெடிது வளர்ந்த சால மரங்கள். நம் கோயில்களிலும் வீடுகளிலும் தூபமிடும் குங்கிலியம் இந்த மரத்தின் பிசினே என்று சொன்னதும், பாட்டி வண்டியின் கண்ணாடியை இறக்கிக் கைகூப்பினார். இடையிடையே இலுப்பையும் முள்ளிலவும் நின்றன. இலவ மரத்துக்கு இவ்வட்டாரத்தார் வழங்கும் 'சிமுல்' என்ற பெயரிலிருந்தே சிமிலிபால் என்னும் பெயர் வந்தது என்பர். மாசி, பங்குனியில் வந்தால் இலை உதிர்ந்த கிளையெங்கும் செம்பூக்கள் தீப்போல் மூண்டிருக்குமாம்.

இந்தக் காடு முன்பு மயூர்பஞ்சு மன்னர்களின் வேட்டைக் களமாக இருந்தது. 1949-இல் சமஸ்தானம் ஒரிசாவுடன் இணைந்தது. 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கியபோது, முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட ஒன்பது காடுகளுள் இதுவும் ஒன்று. 2009-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் இடம் பெற்றது. 2025-இல் இதன் நடுப்பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வேட்டைக்குப் பயன்பட்ட பாதையிலே இன்று குழந்தைகள் வாயில் விரல் வைத்து மௌனமாகச் செல்வது எத்தகைய மாறுதல்! புள்ளிமான் கூட்டம், மரத்துக்கு மரம் தாவிய மலை அணில், பேச்சுக் குரலில் கூவிய மலை மைனாக்கள், சேற்றில் யானையின் புதிய அடித்தடம்: இவை எங்களுக்குக் கிடைத்த காட்சிகள். புலி காணக் கிடைக்கவில்லை. "அது நம்மைப் பார்த்திருக்கும்" என்று வழிகாட்டி சொன்னதில் பேத்தி முழுத் திருப்தி அடைந்தாள்.

முதலில் ஜோராண்டா அருவி. ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாகப் பள்ளத்தில் பாய்ந்து, பாதி வழியிலேயே வெண்புகையாகச் சிதறுகிறது. அங்கிருந்து பரேஹிபாணிக்குச் சென்றோம். புடாபலங்கா ஆறு இங்கே இரண்டு படிகளாக 399 மீட்டர் இறங்குகிறது. சோக் அருவியின் உயரமே 253 மீட்டர்தான் என்பதை நினைத்தால் இதன் பெருமை விளங்கும். ஆனால் குற்றாலத்தில் போல் அருவியின் கீழே தலையைக் கொடுத்து நிற்க இங்கே வழியில்லை. பள்ளத்தாக்கின் இப்பால் நின்று, எதிர்மலையில் தொங்கும் வெள்ளிச் சரத்தைக் கண்ணால் மட்டுமே பருகலாம். ஓசைகூட நம்மிடம் காற்றின் தயவில்தான் வந்து சேருகிறது. ஐந்தருவியில் குளித்து வளர்ந்த பாட்டிக்கு இது முதலில் ஏமாற்றமாயிருந்தது. சற்று நேரம் நோக்கியபின், "தொட முடியாவிட்டாலும் தண்ணீர் தண்ணீர்தான்" என்றார்.

இந்த ஆறு பாரிபதாவைக் கடந்து, பாலேசுவர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. இதன் கரையிலேதான் 1915 செப்டம்பரில் 'பாகா' யதீன் என்னும் யதீந்திரநாத் முகர்ஜி, விரல்விட்டு எண்ணத்தக்க தோழருடன் ஆங்கிலேயப் படையை எதிர்த்துப் போரிட்டு, மறுநாள் உயிர் நீத்தார். 'பாகா' என்றால் புலி.

அருவிக்கு எதிரே கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். சந்தையில் வாங்கிய தையல் இலையில் புளியோதரை. வழிகாட்டி இளைஞருக்கும் ஓர் இலை போட்டோம். "தம்பி, உன் ஊர் எது?" என்று பாட்டி கேட்க, எங்கள் மகன் இந்தியில் மொழிபெயர்த்தான். இளைஞர் காட்டின் உட்பக்கம் கைகாட்டினார். அவருடைய பாட்டனார் காலத்து ஊர் நடுக்காட்டில் இருந்ததாம். புலிகளுக்குத் தொல்லையில்லாத இடம் வேண்டும் என்பதற்காக, 2010 முதல் உட்காட்டுச் சிற்றூர்கள் சில வெளியே மாற்றப்பட்டன. அவற்றுள் அவருடைய ஊரும் ஒன்று. இப்போது ஓட்டு வீடு இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, தங்கை பள்ளிக்கூடம் போகிறாள். "ஆனால் எங்கள் சாமி இருக்கும் சாலத் தோப்பு உள்ளேயே நின்றுவிட்டது. தோப்பை வண்டியில் ஏற்ற முடியாதல்லவா?" என்றார்.

பாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு மெல்லச் சொன்னார்: "எங்கள் குலதெய்வமும் தென்காசிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியில்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் நினைத்தால் இரயில் ஏறிப் போய்ப் பொங்கலிடலாம். போகாமல் இருப்பது எங்கள் சோம்பல்." இதை மகன் மொழிபெயர்த்தபோது இளைஞர் சிரித்தார். பிழைப்பை நாடி நாமே விட்டு வந்த ஊருக்கும், பிறர் நன்மைக்காக விட்டுக் கொடுத்த ஊருக்கும் உள்ள வேற்றுமை அன்று எங்களுக்கு விளங்கிற்று. காடும் வேண்டும், புலியும் வேண்டும், அவற்றுக்காக இடம் பெயர்ந்தவர்க்குத் தம் தோப்பில் விளக்கேற்றும் உரிமையும் வேண்டும். மூன்றையும் ஒருசேரக் காப்பதே நீதி.

திரும்பும் வழியில் சிமிலிபாலின் கரும்புலிகளைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்குள்ள சில புலிகளுக்குக் கரிய பட்டைகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, உடலே கறுத்துத் தோன்றும். ஒரே ஒரு மரபணுவில் நேர்ந்த மாற்றமே இதற்குக் காரணம் என்று பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தார் 2021-இல் கண்டறிந்தனர். சென்னை வண்டலூர் உயிரியல் பூங்காவின் கரும்புலிகளையும் அவர்கள் அந்த ஆராய்ச்சியில் சேர்த்துக்கொண்டனர். 2023-24 கணக்கெடுப்பில் சிமிலிபாலின் 27 வளர்ந்த புலிகளுள் 13 இவ்வகையின. அழகான காட்சிதான்; ஆனால் கவலைக்குரிய செய்தியும் கூட. வேற்றுக் காட்டுப் புலிகள் வந்து கலவாமல், சிறு கூட்டம் தனக்குள்ளேயே பெருகியதன் அடையாளம் அந்தக் கருமை.

ஆகவே 2024-இல் மகாராஷ்டிரத்துத் தாடோபா காட்டிலிருந்து யமுனா, ஜீனத் என்னும் இரு பெண் புலிகளை இங்கே கொணர்ந்தனர். அவற்றுள் ஜீனத் அந்த டிசம்பரில் எல்லை தாண்டி, நம் கிழக்குச் சிங்பூம் மாவட்டத்துச் சாகுலியா வரை வந்து, வங்காளத்துக்குள்ளும் சென்றதை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 29-ஆம் நாள் பாங்குராவில் அதற்கு மயக்க ஊசி செலுத்திச் சிமிலிபாலுக்கே திரும்பச் சேர்த்தனர். "புது ஊர் பழக நாளாகும். நான் வந்த வருஷம் தினமும் அழுதேன்" என்றார் பாட்டி. வெளியூரிலிருந்து வந்தவரால்தான் இந்தக் காட்டின் குலம் தழைக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணியபோது, எங்களுக்குள் ஒரு சிறு பெருமிதமும் எழுந்தது.

செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: மழைக்காலத்தில் வனத்தை மூடிவிடுவர், கார்த்திகை, மார்கழி மாதங்கள் உகந்தவை. அருவியில் நீரும் இருக்கும், பாதையும் காய்ந்திருக்கும். அனுமதியை முன்னதாகவே பெறுக. கம்பளி அவசியம். பிளாஸ்டிக் பொருள்களைக் கொண்டு செல்லற்க. உணவைப் பாத்திரத்தில் எடுத்துச் சென்று, சந்தையில் தையல் இலை வாங்கி உண்க. அதை விற்கும் பெண்களுக்கும் பயன், காட்டுக்கும் நலம். வழிகாட்டியாக வரும் இளைஞரிடம் விலங்குகளைப் பற்றி மட்டுமன்றி, அவருடைய ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்.