விஆர் கேம் ஆட ரேம் போதுமா?

நம்ம கிளாஸ் நண்பன் ஒருத்தன், லேப்டாப்ல ரேமை 8 ஜிபியிலிருந்து 16 ஆக்கிட்டா "ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்" ஓடிடும்னு அடிச்சுச் சொல்றான். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. அதான் அவசரமா இந்தப் பதிவு.

ஓடாதுங்க. 2020-ல் வந்த அந்த கேமுக்கு வால்வ் சொன்ன குறைந்தபட்ச தேவை: கோர் ஐ5-7500, 12 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்கு 6 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. இவன் லேப்டாப்ல தனி கார்டே கிடையாது!

கணக்கு நமக்கு வரும்தானே, போட்டுப் பார்ப்போம். சாதாரண 1080பி திரையில் நொடிக்கு 60 ஃபிரேம்னா சுமார் 12.4 கோடி பிக்சல். 2016-ல் வந்த ஆகுலஸ் ரிஃப்டுக்கு 2160 x 1200, நொடிக்கு 90 ஃபிரேம். அதாவது 23.3 கோடி. லென்ஸ் வளைவைச் சரிக்கட்ட இதைவிடப் பெரிசா வரையணும், அது தனி. ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கிறது 11 மில்லிசெகண்ட்தான். மானிட்டர்ல ஃபிரேம் தவறினா படம் திக்கும், அவ்வளவுதான். இங்கே தலை திரும்பியிருக்கும், படம் திரும்பியிருக்காது. வயிறு புரட்டிடும். "சராசரி 90 வருது"ங்கிற பேச்செல்லாம் இங்கே செல்லாது.

(இன்னொரு கூத்து: சில லேப்டாப்ல தனி கார்டு இருந்தும், எச்டிஎம்ஐ துளை பிராசசரோட சேர்ந்த கிராபிக்ஸுக்குத்தான் போகும். ரிஃப்ட் மாதிரி வயர் ஹெட்செட்டுக்கு அது உதவாது.)

என்னைக் கேட்டா, ரேம் காசை அப்படியே வச்சிருந்து, இன்னும் சேர்த்து குவெஸ்ட் மாதிரி தனியா இயங்கும் ஹெட்செட் வாங்கலாம். பிராசசர் உள்ளேயே இருக்கு, "பீட் சேபர்" கம்ப்யூட்டர் இல்லாமலே ஆடலாம். அலிக்ஸுக்கு மட்டும் நல்ல கம்ப்யூட்டர் வேணும். அதை வேலைக்குப் போனப்புறம் பார்த்துக்கலாம்டா.