பாடு யாருக்கு, பாஸ்வேர்டு யாருக்கு?

காலையில ஆபீஸ் போறீங்க. டீ குடிக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டரை ஆன் பண்ணி, பேரும் பாஸ்வேர்டும் தட்டுறீங்க. திரை திறந்துடுது. அங்கே 'சம்பளம்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். சும்மா கிளிக் பண்ணிப் பாருங்களேன்... 'உங்களுக்கு அனுமதி இல்லை'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லும். பக்கத்து சீட் அக்கவுன்ட்ஸ் அக்காவுக்கு மட்டும் சமத்தாத் திறக்கும்!

யாருங்க இதையெல்லாம் செட் பண்றது? சாட்சாத் நான்தான். உங்க ஆபீஸ்ல என்னை மாதிரி இன்னொருத்தர். சிஸ்டம் அட்மின்! வீட்டு ஆளுங்களைவிட சர்வர்களோட அதிக நேரம் குடும்பம் நடத்துற கூட்டம். எனக்கு ஊர் ஆரம்பாக்கம். சென்னையில இருந்து சூலூர்பேட்டை போற ரயில்ல ஏறினா கும்மிடிப்பூண்டி, எளாவூர் தாண்டி வரும். அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. கிழக்குப் பக்கம் பழவேற்காடு ஏரி. அப்பாவுக்கு ஏரியில மீன்பிடி. பொண்ணுக்கு நெட்வொர்க். ரெண்டுமே வலைதானேன்னு ஊர்ல கிண்டல் பண்ணுவாங்க. அந்தக் கிண்டல்ல பாதி உண்மைங்கிறது வேலைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சுது.

முதல்ல அட்ரஸ் கதை. ஆபீசுக்குள்ள உங்க கம்ப்யூட்டருக்கு ஒரு ஐ.பி. நம்பர் உண்டு. பெரும்பாலும் 10னு ஆரம்பிக்கும், இல்லைன்னா 192.168னு ஆரம்பிக்கும். "எங்க வீட்டு வைஃபையிலயும் இதே நம்பர் வருதே, சண்டை வராதா?"ன்னு கேப்பீங்க. வராது. கதவு எண் 12 எல்லாத் தெருவுலயும்தான் இருக்கு, தபால்காரர் குழம்புறாரா என்ன? பழைய முறை ஐ.பி. நம்பர் உலகத்துக்கே மொத்தம் 429 கோடி சொச்சம்தான். அது பத்தாதுன்னு தெரிஞ்சுதான் 1994-லயே சில வரிசைகளை, 'உள்ளுக்குள்ள யார் வேணா வெச்சுக்கலாம்'னு ஒதுக்கிட்டாங்க. உலகப் பொதுக் கையிருப்புல மிச்சம் இருந்த கடைசி நம்பர் கட்டுகளையும் 2011 பிப்ரவரியில பிரிச்சுக் கொடுத்தாச்சு.

ஆபீஸ்ல இந்த நம்பரைக் கொடுக்குறது டி.எச்.சி.பி.ங்கிற சர்வர். கொடுக்குறதுன்னா கிரயம் இல்லீங்க, குத்தகை! விண்டோஸ் சர்வர்ல நாம மாத்தலைன்னா எட்டு நாள். பாதி நாள் போனதுமே கம்ப்யூட்டர், 'நான் இன்னும் இங்கதான் இருக்கேன்'னு சொல்லிப் புதுப்பிச்சுக்கணும். சொல்லலைன்னா கெடு முடிஞ்சதும் நம்பர் அடுத்தவருக்குப் போயிடும்.

ஒரு திங்கட்கிழமை எங்க ஆபீஸ்ல வைஃபை வரலைன்னு ஒரே ரகளை. அந்த வரிசையில இருந்ததே 254 நம்பர்தான். முந்தின வாரம் இன்டர்வியூவுக்கு வந்த பசங்களோட செல்போன்கள் ஆளுக்கு ஒண்ணை வாங்கிட்டுப் போயிருந்துச்சு. ஆளுங்க போயாச்சு, குத்தகை முடியலை! விருந்தாளிகளுக்குத் தனி வைஃபை பிரிச்சு, குத்தகையை நாலு மணி நேரமாக் குறைச்சேன். பிரச்னை தீர்ந்துச்சு. ராத்திரி ஃபோன்ல மாமாகிட்ட இதைச் சொன்னா, மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"இதுக்காம்மா காசு கட்டிப் படிச்சே? இது நம்ம பாடுதானே!"

பாட்டு இல்லீங்க... பாடு. பழவேற்காட்டுல கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மாதிரி ஊர்கள்ல பட்டினவர் மீனவர்கள் காலங்காலமா வெச்சிருந்த முறை. ஏரியில இறால் நல்லாக் கிடைக்கிற இடம் கொஞ்சம். வலை நிறைய. ஆளாளுக்கு இறங்கினா அடிதடிதான். அதனால ஊர்ல தலைக்கட்டுப் பட்டியல் இருக்கும். அதுல பேர் இருக்குறவங்க, எந்த நாள் யார் எந்த இடத்துல வலை போடணும்னு முறை வெச்சுப் பிரிச்சுக்குவாங்க. இன்னிக்கு நல்ல இடம் கிடைச்சவருக்கு நாளைக்கு வேற இடம். இடம் யாருக்கும் சொந்தம் கிடையாது, முறைதான் சொந்தம்.

யார், எங்கே, எவ்வளவு நேரம்... இந்த மூணு கேள்விதான் பாடு. அட்மின் வேலையும் அதேதான்.

இந்தக் கேள்விகளைக் கோட்டை விட்டா என்ன ஆகும்? 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்கள்ல யாரோ புகுந்துட்டாங்க. 5 சர்வர், சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டுச்சு. நோயாளிங்க சீட்டு, ரிப்போர்ட்டு எல்லாத்தையும் பேப்பர்ல எழுத வேண்டிய நிலைமை. நெட்வொர்க்கைச் சரியாத் தடுத்துப் பிரிக்காததுதான் காரணம்னு அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொல்லுச்சு. பாதிக்கப்படாம ஒரு பேக்கப் சர்வர் தப்பிச்சதால இ-ஹாஸ்பிட்டல் தகவல்களை மீட்க முடிஞ்சுது.

நம்ம கூடங்குளத்துலயும் 2019-ல ஒரு கம்ப்யூட்டர்ல மால்வேர் புகுந்துச்சு. செப்டம்பர் 4-ம் தேதி கண்டுபிடிச்சதை, அக்டோபர் 30-ம் தேதி அணுமின் கழகம் ஒத்துக்குச்சு. அந்த கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்கான இன்டர்நெட் நெட்வொர்க்ல இருந்தது, முக்கியமான உள் நெட்வொர்க் அதோட சேராமத் தனியா இருக்குன்னு அறிக்கை விட்டாங்க. தடுப்புச் சுவரோட அருமை அந்த ஒரு வரியில இருக்கு.

திருடனைத் தடுக்குறதுகூட ஈஸிங்க. நம்ம ஆளுங்களைத் தடுக்குறது இருக்கே... அதுதான் பெண்டு நிமித்தும்!

முன்னாடி நான் வேலை பார்த்த ஒரு கம்பெனி. ஒரு மேனேஜர் வந்தார். அவர் டீம்ல ஒரு பொண்ணு ராஜினாமா கொடுத்திருந்தா. "அவ மெயிலைக் கொஞ்சம் திறந்து காட்டும்மா. ஒரு கிளிக்தானே?"ன்னார். ஆமா, எனக்கு ஒரு கிளிக்தான். கம்பெனியில இருந்த எல்லார் மெயிலும் எனக்கு ஒரு கிளிக் தூரம்தான்.

"காரணத்தை எழுதி, எச்.ஆர். ஒப்புதலோட ஒரு டிக்கெட் போட்டுடுங்க சார். உடனே பண்ணிடறேன்"னேன்.

"ஏன், உன்னால முடியாதா?"

"முடியும் சார். அதனாலதான் கேக்குறேன்."

டிக்கெட் வரவே இல்லை. வருஷக் கடைசியில அப்ரைசல் வந்துச்சு. 'ஒத்துழைப்பு போதாது'ன்னு ஒரு வரி. இன்க்ரிமென்ட்டுக்கு டாட்டா! அப்பாவோட வலைக்கடனை அந்த வருஷம் அடைக்கலாம்னு கணக்குப் போட்டிருந்தேன், அது அப்படியே தள்ளிப்போச்சு. வருத்தம் இல்லையான்னா, இருந்துச்சு. ஆனா, மாமா சொல்லுவார்... பாடு கணக்கு எழுதுறவரா இருந்தாலும், தன் முறை இல்லாத நாள்ல வலையை இறக்க முடியாதுன்னு. இன்னிக்கு வந்து கேட்டாலும் நான் டிக்கெட்தான் கேப்பேன்.

அதுக்காகப் பட்டியல்னாலே புனிதம்னு நினைச்சுடாதீங்க. தலைக்கட்டுங்கிறது ஆம்பளைங்க கணக்கு. எங்க அம்மா, அத்தையெல்லாம் இடுப்பளவுத் தண்ணியில நின்னு கையால இறால் தடவிப் பிடிச்சவங்க. அவங்க பேரு எந்தப் பட்டியல்லயும் வந்ததில்லை. அதே ஏரியை நம்பிப் பிழைக்கிற மத்த சமூகத்துக்காரங்களுக்கும் அதுல இடமில்லை. தகராறும் அதனாலதான் வந்துச்சு.

ஆபீஸ்லயும் இதே கதைதான். இப்ப இருக்குற கம்பெனியில சம்பளச் சீட்டைப் பேப்பர்ல கொடுக்குறதை நிறுத்தி, எல்லாம் ஆன்லைன்னு மாத்தினாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். ஹவுஸ்கீப்பிங் அக்கா மட்டும் என்கிட்ட வந்து, "பாப்பா, என் சீட்டு எங்க பாக்குறது?"ன்னு கேட்டாங்க. லாகின் லிஸ்ட்டைப் பார்த்தா, துப்புரவு, கேன்டீன், செக்யூரிட்டி ஆளுங்க ஒருத்தர் பேரும் இல்லை! எழுதிக் கொடுத்து, விடாமக் கேட்டு, ரெண்டு மாசம் கழிச்சு கேன்டீன் பக்கத்துல ஒரு பொது கம்ப்யூட்டர் வந்துச்சு. ஆளுக்கொரு லாகின். அவங்கவங்க சீட்டு அவங்கவங்களுக்கு மட்டும்தான் திறக்கும். பி.எஃப். எவ்வளவு பிடிக்கிறாங்கன்னு அந்த அக்கா அன்னிக்குத்தான் முதல் தடவையாப் பார்த்தாங்க.

நெட்வொர்க் படிக்கிற தம்பி, தங்கச்சிகளே... வேலையில சேர்ந்த கொஞ்ச நாள்லயே அட்மின் பாஸ்வேர்டு உங்க கைக்கு வந்துடும். தலை கிர்ருன்னு சுத்தும். ஜாக்கிரதை! மெயில் பாக்க, பேப்பர் படிக்க சாதா லாகினே போதும். அட்மின் லாகின் அட்மின் வேலைக்கு மட்டும். யாருக்கு எதைத் திறந்து விட்டாலும், யார் சொல்லி, எதுக்காக, எந்தத் தேதி வரைக்கும்னு எழுதி வைங்க. உங்களுக்கு நீங்களே திறந்துக்கிட்டதையும் சேர்த்துத்தான்!

மாசத்துல ஒரு நாள் பட்டியலை எடுத்து வெச்சு உக்காருங்க. வேலையை விட்டுப் போனவங்க பேரை அடிங்க. டிபார்ட்மென்ட் மாறினவங்களோட பழைய சாவியை வாங்குங்க. முடிச்சுட்டு, கேன்டீன் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. பட்டியல்ல வர வேண்டிய பேரு ஒண்ணு அங்கே டீ ஆத்திக்கிட்டு இருக்கலாம்.