திண்ணைக்கு ஒரு எஸ்டிமேட்

கார் வாங்கினால் என்னென்ன தொல்லை வரும் என்று ஆபீஸில் எல்லோரும் விலாவாரியாகச் சொன்னார்கள். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், பக்கத்து ஃபிளாட்காரரோடு பார்க்கிங் தகராறு, மாமியார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் சம்பளமில்லாத டிரைவர் உத்தியோகம்... அத்தனையும் சொன்னார்கள். 'அப்பாவோடு சண்டை வரும்' என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். திருவையாறு பக்கம் எங்கள் கிராமத்து வீட்டு வாசலில் ஒரு திண்ணை. படிக்கு இந்தப் பக்கம் பெரிசு, அந்தப் பக்கம் சின்னது. இரண்டையும் இடித்துவிட்டு ஒரு போர்டிகோ போட்டால், ஊருக்குப் போகும்போது காரை நிழலில் நிறுத்தலாம். இன்னும் ஐம்பத்திரண்டு தவணை பாக்கி இருக்கிற கார் வெயிலில் நிற்கலாமா? போனில் சொன்னேன். அப்பா, "நேர்ல வா, பேசிக்கலாம்" என்றார். எங்கள் வீட்டு அகராதியில் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம்.

காருக்கு இடம் கேட்கப் போகிறவன் காரிலேயே போயிருக்க வேண்டும். ஹைவேயில் ஓட்ட இன்னும் தைரியம் வரவில்லை (ஆபீஸில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்). எழும்பூரில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். விடிகாலை தஞ்சாவூர். ஸ்டேஷன் வாசலில் ஒரு காபி, அப்புறம் திருவையாற்று பஸ்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பத்துப் பதிமூன்று கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. ஊர் பெயரே அதனால் வந்ததுதான். நான் போனது மே மாதம். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12-ல்தான் திறப்பார்கள் என்பதால் ஆறுகளில் தண்ணீருக்குப் பதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனபோது, ஜன்னலிலிருந்தே ஒரு பையனுக்கு எல்.பி.டபிள்யூ. கொடுத்தேன். யாரும் மதிக்கவில்லை.

அப்பா திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. எதிரே ஒரு பெரியவர் முழம் போட்டு எதையோ அளந்துகொண்டிருந்தார்.

"கொத்தனாரை வரச் சொல்லியிருக்கேன். இடிக்கிறதுக்கு என்ன ஆகும்னு அவரே சொல்லட்டும்" என்றார் அப்பா, ரொம்ப சாதுவாக. சதி என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

கொத்தனாருக்கு எழுபது வயசிருக்கும். திண்ணையை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார், டாக்டர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி.

"இடிக்கிறது ரெண்டு நாள் வேலை தம்பி. ஆனா இதைக் கட்டினவன் கணக்குத் தெரிஞ்சவன். அந்தக் கணக்கைக் கேட்டுட்டு அப்புறம் இடிங்க."

கேட்டேன்.

முதல் கணக்கு, கூரை. எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. அதனால் ஓட்டுச் சரிவை வேண்டுமென்றே தாழ்வாக இறக்கியிருக்கிறான். உச்சி வெயில் படியோடு நின்றுவிடும். சாயங்கால வெயில்தான் உள்ளே எட்டிப் பார்க்கும், அதுவும் கணுக்கால் வரைக்கும். நிமிர்ந்து நடந்தால் தலை இடிக்கிறதே என்று நான் சின்ன வயசு முழுக்கத் திட்டிய கூரை அது.

இரண்டாவது, வாட்டம். தரை சமமாகத் தெரிகிறது. ரஸமட்டம் வைத்தால் தெருப் பக்கம் அரை இஞ்ச் இறக்கம். சாரல் அடித்தாலும் தண்ணீர் தேங்காமல் தெருவுக்கு வடிந்துவிடும்.

மூன்றாவது, தூண். மரத் தூணை நேராகத் தரையில் நடாமல் கல்லின் மேல் உட்கார்த்தியிருக்கிறான். ஈரம் ஏறாது, கறையானும் லேசில் ஏறாது.

நான்காவது, காற்று. வாசல், ரேழி, கூடம், முற்றம், கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோடு. வாசலில் நின்றால் கொல்லைக் கிணற்று ராட்டினம் தெரிகிறது. முற்றத்துச் சூடு மேலே போக, கொல்லை வாழைத் தோப்புக் காற்று ரேழி வழியாகத் திண்ணைக்கு வருகிறது. மின்சார வாரியத்துக்கு இதில் சம்பந்தமே இல்லை.

ஐந்தாவது, சுவரோரம் சரிவாக எழுப்பிய திண்டு. சிமெண்டில் தலையணை! ஒன்பதடி நீளம், மூணே காலடி அகலம். இரண்டு பேர் காலோடு கால் வைத்துத் தூங்கலாம்.

"யார் தூங்கறதுக்கு? நம்ம வீட்டுக்குள்ளதான் இடம் இருக்கே?" என்றேன்.

"நமக்கு இல்லை தம்பி. போறவன் வர்றவனுக்கு" என்றார் கொத்தனார்.

*

அன்று ராத்திரி அந்தத் திண்டில் தலை வைத்துப் படுத்தபடி, நியூஜெர்சியில் இருக்கிற சித்தப்பா மகன் அனுப்பியிருந்த போட்டோக்களைப் பார்த்தேன். அவன் வீட்டில் புதிதாக 'டெக்' போட்டிருக்கிறான். மருந்து ஏற்றின பைன் பலகையில் ஒரு மேடை, நாலு நாற்காலி, கறி சுடுகிற அடுப்பு, சுற்றிலும் ஆளுயர வேலி. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அது வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது!

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் வீட்டுக்கு முன்னால்தான் திண்ணை. 'போர்ச்' என்பார்கள். சாயங்காலமானால் அதில் உட்கார்ந்து தெருவில் போகிறவரை விசாரிப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டுக்கு வீடு கார் வந்தது, டி.வி. வந்தது, ஏ.சி. வந்தது. முன்பக்கத்தைக் கார் ஷெட் பிடித்துக்கொண்டது. மனிதர்கள் கொல்லைப் பக்கம் போய்விட்டார்கள்.

"பக்கத்து வீட்டுக்காரர் பேர் என்னடா?" என்று அவனுக்கு மெசேஜ் அனுப்பினேன்.

"ஏதோ ஜானோ, ஜோவோ. ஏழு வருஷமா ஹாய் சொல்றோம்" என்று பதில் வந்தது.

அமெரிக்காவை ஏன் சொல்ல வேண்டும்? மறுநாள் எங்கள் தெருவை ஒருமுறை நடந்து பார்த்தேன். பாதி வீடுகளில் திண்ணைக்குக் கிரில். மீதியில் பாதிக்கு போர்டிகோ. கிரில்லுக்குள் உட்கார்ந்து ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மிருகக்காட்சி சாலையில் பார்ப்பது போல நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

*

"கும்பகோணம் போய் ஒரு திண்ணையைப் பார்த்துட்டு வா. அப்புறமும் இடிக்கணும்னு தோணிச்சுன்னா இடி" என்றார் அப்பா.

திருவையாற்றிலிருந்து காவிரிக் கரையோடு போகிற பஸ். கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று தென்னையும் வாழையுமாகப் போய் கும்பகோணம் சேர்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. அகலத்தைப் பார்த்தால் என் கார் பக்கவாட்டில் நிற்காது. வாசலில் திண்ணை.

1887-ல் ஈரோட்டில் பிறந்த சீனிவாச ராமானுஜன் வளர்ந்த வீடு அது. மடியில் பெரிய சிலேட்டை வைத்துக்கொண்டு, தெருவில் யார் போகிறார்கள் வருகிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல், அந்தத் திண்ணையில்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாராம். காகிதம் விலை, அதனால் சிலேட்டு. அழிக்கத் துணி தேடினால் நேரம் வீண், அதனால் முழங்கை. 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் இந்த வீட்டை வாங்கி நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உலகத்துக் கணித மேதைகளை உலுக்கிய மூளைக்குக் கிடைத்த ஸ்டடி ரூம், ஒரு முழ அகலம்தான் கூடுதல் குறைவு என்று சொல்லும்படியான ஒரு திண்ணை!

அந்தக் காலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடமே திண்ணையில்தான் நடந்தது. வாத்தியார் ஒருத்தர், மணலில் விரலால் எழுதுகிற பிள்ளைகள், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். இங்கிலாந்தில் எத்தனையோ ஏழைப் பள்ளிகள் அந்த வழியில் நடந்தன. 'மெட்ராஸ் முறை' என்றே அதற்குப் பெயர். மெக்காலே அங்கிருந்து இங்கே அனுப்பியது நமக்கு நன்றாகத் தெரியும். இங்கிருந்து அங்கே போனதும் ஒன்று உண்டு.

திரும்பி வரும்போது மனசு பாதி மாறியிருந்தது. பஸ்ஸில் தூங்கி, திருவையாற்றையும் தாண்டிப் போகப் பார்த்தேன்.

*

மீதிப் பாதி மாறியது அன்று சாயங்காலம்.

எங்கள் வயலில் நாற்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அப்பாவைப் பார்க்க வந்தார். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றார். குறுவைக்கு விதைநெல் என்ன ரகம், மழை எப்படி என்று அரை மணி நேரப் பேச்சு. அப்பா திண்ணையில், அவர் தெருவில். நான் சின்னப் பையனாக இருந்தபோதும் இதே காட்சிதான். ஆறு வயசில் நான் அவரைப் பேர் சொல்லி 'வா, போ' என்று கூப்பிடுவேன். என் தாத்தா வயசை நெருங்கியவர் என்னைச் 'சின்னய்யா' என்பார்.

அவர் போன பிறகு கேட்டேன்: "போறவன் வர்றவனுக்குத் திண்ணைன்னு சொல்றீங்களே அப்பா... எல்லாப் போறவனும் உட்கார்ந்தானா?"

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார். ஒரு வெற்றிலைக்கு அவ்வளவு நேரம் தடவி நான் பார்த்ததில்லை.

"இல்லைதான்" என்றார் கடைசியில். "அவனும் உட்காரலை. நானும் உட்காருன்னு சொல்லலை. சொல்லணும்னு தோணவே இல்லை."

கொத்தனார்தான் பேச்சை மாற்றினார். "இந்தத் திண்ணைக்கு எத்தனை படி தெரியுமா தம்பி?"

"ரெண்டு."

"நாலு. மீதி ரெண்டும் ரோட்டுக்குள்ள இருக்கு."

உண்மைதான். பழசைச் சுரண்டாமல் தார் ரோட்டுக்கு மேல் தார் ரோடு, அதற்கு மேல் சிமெண்ட் ரோடு என்று போட்டுப் போட்டு, தெரு ஒன்றரை அடி உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் தெருவில் நிற்பவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்த திண்ணை, இப்போது நாற்காலி உயரம். யார் வந்தாலும் அப்படியே உட்காரலாம். கிழவருக்கு முழங்கால் வலித்தாலும் உட்காரலாம். எந்தத் தலைவரும் இந்தத் தெருவில் செய்ய முடியாததை, காண்டிராக்டர்கள் தெரியாமலே பாதி செய்துவிட்டார்கள்.

"மீதிப் பாதி?" என்றேன்.

"அது கொத்து வேலை இல்லையே தம்பி" என்றார் கொத்தனார்.

*

எஸ்டிமேட் மாறியது. இடிக்கிற பணம் ரிப்பேருக்குப் போனது. தெருத் தண்ணீர் ஏறாமலிருக்கத் திண்ணையை ஒட்டி ஒரு வடிகால். உடைந்த ஓடுகளுக்குப் பதில் வேறு ஓடு. பொரிந்துபோன தரையைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சிவப்புத் தரை. சிமெண்டில் சிவப்பு ஆக்ஸைடு கலந்து, கரணையால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்ற வேண்டும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பாதியில் சாப்பிடப் போனால் நிறம் மாறிக் கோடு விழும். கொத்தனார் காலையில் ஆரம்பித்து மூன்றரை மணி வரை டீ கூடக் குடிக்கவில்லை. அப்புறம் ஒரு வாரம் தண்ணீர் கட்டி வைத்து, காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தார்கள். எதிர்வீட்டு நாய் இரண்டாம் நாளே ஏறிப் படுத்துத் திறப்பு விழாவை முடித்துவிட்டது.

ஜூன் கடைசியில் மறுபடி போனேன். இந்தத் தடவை காரில். மச்சான் ஓட்டினார். ஐந்து ஆற்றிலும் தண்ணீர். கிரிக்கெட் டீம் முழுக்கப் பாலத்திலிருந்து குதித்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அந்தப் பெரியவர் வந்தார், கையில் ஒரு சீப்பு பூவன் பழத்தோடு. அப்பா, "உட்காருப்பா" என்றார். அவர் "இருக்கட்டுங்க" என்றார். மறுபடி "உட்காரு." மறுபடி "இருக்கட்டுங்க." நாற்பது வருஷத்தை இரண்டு வார்த்தையில் சரிக்கட்ட முடியாது என்று எனக்குத் தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

அப்போது அவரைக் கூட்டிப் போக அவர் பேரன் பைக்கில் வந்தான். தஞ்சாவூரில் ஏதோ கம்பெனியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை. வண்டியை ஸ்டாண்ட் போட்டான். என்னைப் பார்த்து "வணக்கம் சார்" என்றான். திண்ணையில் உட்கார்ந்தான். செல்போனை எடுத்தான். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

"உட்காரு தாத்தா. காத்து நல்லா வருது" என்றான், போனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெரியவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைப் பெட்டியை எடுத்து நடுவில் வைத்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்துகொண்டார். பெரியவர் ஓரமாக, பாதி உடம்பு தெருவிலிருக்கிற மாதிரி உட்கார்ந்தார். அப்புறம் பேச்சு வழக்கம்போல விதைநெல்லுக்குப் போயிற்று. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தேன். திண்டில் முதுகைச் சாய்த்திருந்தார்.

கார் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? வீட்டுக்குப் பக்கவாட்டில், அந்தக் காலத்தில் மாட்டுவண்டி கொல்லைக்குப் போகிற பாதை ஒன்று இருக்கிறது. அதன் முடிவில் பழைய மாட்டுக் கொட்டகை. அருமையான நிழல். கச்சிதமாக நிற்கிறது. காளைகளை நிறுத்தும்போது தவணை கட்ட வேண்டியிருக்கவில்லை என்று அப்பா சொல்கிறார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.