மூன்று மணி நேர இட்லி

காஞ்சிபுரம் போகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. பட்டுப் புடவை எடுக்கப் போகிறவர்கள். அவர்களுக்குப் பின்னால் பர்ஸைத் தடவிக்கொண்டே போகிற கணவன்மார்கள். கோயில் கோயிலாக ஏறி இறங்குகிற பக்தர்கள். நான் நாலாவது ரகம். இட்லி தின்னப் போனவன்.

'இட்லிக்காகவா சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர்?' என்று சிரிக்காதீர்கள். நீங்கள் தினமும் மெஸ்ஸில் சாம்பாரில் மூழ்கடித்து விழுங்குகிறீர்களே ஒரு வெள்ளை வட்டம், அதற்கும் காஞ்சிபுரம் இட்லிக்கும் பெயரில் மட்டும்தான் சம்பந்தம். இது வட்டம் அல்ல, உருளை. முழங்கை நீளத்துக்கு உருண்டு திரண்டு, தூண் மாதிரி நிற்கும். கத்தி வைத்து வில்லை வில்லையாக வெட்டித்தான் கொடுப்பார்கள். இட்லியை வெட்டிச் சாப்பிடுகிற ஊர் சார் இது!

ஊரில் பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம் என்று இரண்டு பகுதி. ஏகாம்பரநாதர், காமாட்சி, கைலாசநாதர் எல்லாம் பெரிய காஞ்சி. இட்லிக்காரர் வரதராஜப் பெருமாள் இருப்பது சின்ன காஞ்சி. பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஏறினால் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. உள்ளே நுழைந்ததும் நூற்றுக்கால் மண்டபம். அதன் மூலைகளில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. ஒட்டுப் போட்டதல்ல. ஒரே கல்லில் வளையத்துக்குள் வளையமாகக் குடைந்தது. ஒரு தட்டு தப்பியிருந்தால் மொத்தக் கல்லும் வேஸ்ட். செதுக்கியவருக்கு எத்தனை பொறுமை இருந்திருக்க வேண்டும்!

பொறுமைதான் இந்த ஊரின் முக்கியத் தொழில் என்று எனக்குத் தோன்றுகிறது. இதே கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் அத்தி வரதர் 40 வருஷம் தண்ணீருக்கடியில் இருக்கிறார். 1979-ல் வெளியே வந்தார். அடுத்து 2019-ல் 48 நாள் தரிசனம் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். இனி 2059. அப்போது உங்கள் வயது என்ன என்று இப்போதே கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். சுவாமியே 40 வருஷம் காத்திருக்கிற ஊரில், ஒரு இட்லி மூன்று மணி நேரம் வேகிறதென்றால் அது ஃபாஸ்ட் ஃபுட்தான்.

ஆமாம், மூன்று மணி நேரம். மூங்கில் குடலைக்குள் மந்தாரை இலையைச் சுற்றிலும் அடுக்கி, அதற்குள் மாவை ஊற்றி, ஆவியில் வைக்கிறார்கள். அதனால்தான் இதற்குக் 'குடலை இட்லி' என்று இன்னொரு பெயர். வெந்து முடிக்கிறபோது மந்தாரை இலையின் வாசனை உள்ளுக்குள் இறங்கியிருக்கும். பிரசாத ஸ்டாலில் ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டேன். முதலில் நெய். அப்புறம் மிளகு 'சுரீர்' என்கிறது. பின்னாலேயே சீரகமும் சுக்கும் வந்து 'பரவாயில்லை, பயப்படாதே' என்று தொண்டையைத் தட்டிக்கொடுக்கின்றன. சட்னியும் வேண்டாம், சாம்பாரும் வேண்டாம்.

மிளகாயே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. மிளகாய் நம்ம ஊர்ச் சரக்கு இல்லை. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்து போர்ச்சுகீசியர்கள் கப்பலில் வந்து இறங்கியது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்ததே 1498-ல்தான். அதற்கு முன்னால் தமிழ்நாட்டில் காரம் என்றால் மிளகு. நாம் வீட்டில் கட்சி மாறிவிட்டோம். கோயில் மடைப்பள்ளி மாறவில்லை. ஆகவே இந்த இட்லியில் ஒரு வாய் என்பது மிளகாய்க்கு முந்தைய தமிழ்நாட்டில் ஒரு வாய்.

இட்லியின் வயசும் சாதாரணமில்லை. 920-ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட 'வட்டாராதனே' என்ற கன்னட நூலில் 'இட்டலிகெ' என்று ஒரு பண்டம் வருகிறது. ஆனால் அந்தக் காலத்து இட்டலி வெறும் உளுந்துதானாம். அரிசி சேர்ப்பது, ராத்திரி முழுக்கப் புளிக்க வைப்பது, ஆவியில் வேக வைப்பது ஆகிய மூன்றும் பிற்பாடு வந்து சேர்ந்தவை என்று உணவு வரலாற்று அறிஞர் கே.டி. அச்சயா எழுதியிருக்கிறார்.

சரி, கோயில் இட்லியை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவனின் வீடு அங்கே நெசவாளர் தெருவில் இருக்கிறது. அவன் அம்மா செய்து காட்டினார். ரூமில் நாலு பேராகத் தங்கி, ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோ பார்த்து பான்கேக் சுடுகிற பிரம்மச்சாரிகள் பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளவும்.

பச்சரிசி ஒரு டம்ளர், புழுங்கலரிசி ஒரு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர். நாலு மணி நேரம் ஊற வைத்து, ரவை பதத்தில் அரைக்க வேண்டும். மைய அரைத்தால் அது மெஸ் இட்லி. உப்புப் போட்டுக் கரைத்து ராத்திரி மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் பொங்கியிருக்கும். நெய்யும் நல்லெண்ணெயும் காய வைத்து, ஒன்றிரண்டாக உடைத்த மிளகு, சீரகம், சுக்குப் பொடி, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து மாவில் கொட்ட வேண்டும். உடைத்த முந்திரியையும் நெய்யில் சிவக்க வறுத்துப் போடலாம். (முந்திரியும் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டு வந்ததுதான். இருந்தாலும் அதை மன்னித்துவிடலாம்.) மூங்கில் குடலை இல்லாதவர்கள் எவர்சில்வர் டம்ளரில் நெய் தடவி, வாழையிலைத் துண்டை உள்ளே சுற்றி, முக்கால் டம்ளர் மட்டும் மாவு ஊற்றி, இருபது நிமிஷம் ஆவியில் வைத்தால் போதும். ஈர்க்குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

பான்கேக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு விதத்தில் இரண்டும் பங்காளிகள். இரண்டையும் உப்ப வைப்பது ஒரே கார்பன் டை ஆக்ஸைடுதான். பான்கேக்கில் பேக்கிங் பவுடர் அந்த வேலையை நிமிஷத்தில் முடித்துவிடுகிறது. வாழைப்பழம் வெட்டிப் போட்டு, பாதாம் தூவி, தேன் ஊற்றினால் தீர்ந்தது. இங்கே கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் விடிய விடிய ஷிஃப்ட் பார்த்து அந்த வாயுவைத் தயாரிக்கின்றன. உளுந்தின் கொழகொழப்பு அதை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. காசு கொடுத்து வாங்க வேண்டிய பவுடர் எதுவுமில்லை. கொடுக்க வேண்டியது ஒரு ராத்திரி.

அம்மா அடுப்படியில் இருக்க, நான் கூடத்துக்கு வந்தேன். கூடம் என்றால் பாதிக்கு மேல் தறிதான். தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தார் நண்பனின் அப்பா. மழைக்காலத்தில் இந்தக் குழியில் ஊற்று எடுத்துக்கொள்ளும், வேலை நின்றுவிடும் என்றார். உடல் ஒரு கலர், கரை வேறு கலர். இரண்டையும் தைப்பதில்லை, நெய்யும்போதே பூட்டுகிறார்கள். கோர்வை என்று பெயர். இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, உடலுக்கு ஒன்று. ஆக மூன்று நாடா. ஒருவரால் முடியாது, பக்கத்தில் ஒரு கை வேண்டும். அந்தக் கை அம்மாவுடையது.

"ஒரு புடவைக்கு எத்தனை நாள் ஐயா?"

"பதினஞ்சு நாள் ஆவும் தம்பி. டிசைன் ஜாஸ்தின்னா இன்னும் இழுக்கும்."

காமர்ஸ் புத்தி சும்மா இருக்குமா? இரண்டு பேர், 15 நாள். ஒரு புடவைக்கு 30 ஆள் நாள். புடவை முடிந்தால்தான் கூலி. நண்பனுக்கோ ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் செக்‌ஷன். வாசலுக்கே கம்பெனி பஸ் வருகிறது. ஒண்ணாம் தேதி சம்பளம், பி.எஃப்., கேன்டீனில் சாப்பாடு. அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பையன் அந்த பஸ்ஸில் ஏறுகிறான்.

"தறியில் உட்கார வேண்டியதுதானே?" என்று நான் அவனைக் கேட்கவில்லை. மாதச் சம்பளத்தின் ருசி தெரிந்தவன் யாரும் கேட்க மாட்டான். அப்பாவே சொன்னார்: "நான்தான் வேணாம்னு அனுப்பினேன். எனக்கு முட்டி போச்சு, கண்ணு போச்சு. அவனாவது நிமிர்ந்து நிக்கட்டும்." சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினார். தறி 'டக் டக்' என்றது.

அவர் சொன்னதில் வருத்தம் இருந்ததா, பெருமை இருந்ததா? இரண்டுமே இருந்தது. உடலும் கரையும் மாதிரி. எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

டம்ளர் இட்லி வந்தது. மிளகு கொஞ்சம் தூக்கல். நான் மூன்று சாப்பிட்டேன். நண்பன் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த கண்ணோடு நாலு சாப்பிட்டான்.

"இவ்ளோ வேலை எதுக்கும்மா, மாவு பாக்கெட் வாங்கிட்டா போச்சு" என்றான்.

"இதுல என்னடா வேலை?" என்றார் அம்மா. "கரைச்சு வச்சுட்டுத் தூங்கறேன். அது பாட்டுக்குப் பொங்குது."

உண்மைதான். அதனால் இந்த இட்லியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நமக்கு நேரம் இல்லாவிட்டாலும், நாம் தூங்குகிறபோது அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ரூமிலேயே கூடப் பொங்கும்.

புடவைதான் அப்படி இல்லை. நெய்கிறவர் எழுந்துவிட்டால், விட்ட இழையிலேயே நின்றுவிடுகிறது.